கண்ணில்லாத மிஷின்

காலை ஆறு மணி ஷிப்ட். சூளகிரி தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷின்கள் இடிக்கத் தொடங்கியிருந்தன. தகட்டை வை, மிதியை அழுத்து, எடு. ஒவ்வோர் இடிக்கும் காவேரியின் உள்ளங்கால் அதிர்ந்தது. எண்ணெய் நாற்றம் தொண்டைவரை அப்பிக்கிடந்தது.

அவள் அஞ்செட்டிக்காரி. வாரநாளில் மிஷின், ஞாயிறானால் பறை. பாட்டைத் தானே கட்டி, தானே பதிவுசெய்து செல்போனில் வெளியிடுவாள். இசைக் கம்பெனிகள் கேட்டும் விற்றதில்லை. போராட்டப் பந்தல் எங்கிருந்தாலும் போய் நின்று பாடுவாள்.

போன வாரம் பக்கத்து மிஷினில் சுகுணாவின் இரண்டு விரல்கள் போயின. உள்ளே கை இருந்தால் மிஷினை நிறுத்தும் சென்சாரின் வயரை, வேலை வேகமாக ஓடட்டுமென்று நிர்வாகமே கழற்றியிருந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கால்மணி நேரத்தில் இன்னொருத்தியை அங்கே நிறுத்தினார்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டார்கள்.  ஞாயிற்றுக்கிழமை காவேரியின் பாட்டு வந்தது:

“கண்ணப் புடுங்கிட்டீங்க மிஷினுக்கு - எங்க
கை எதுன்னு தெரியுமா அதுக்கு?”

ஓசூர்வரை அது பரவியது. மேனேஜர் சிவராஜ் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“நல்லா பாடறம்மா. வெள்ளிக்கிழம பாதுகாப்பு வார விழா. முதலாளி வர்றாரு. மேடையில நீதான் பாடணும். அந்தக் கண்ணு வரிய மட்டும் எடுத்துடு.”

“வயர மாட்டிட்டீங்களா சார்?”

“இந்த ஆர்டர் முடியட்டும், பாக்கலாம்.”

டீயில் நனைந்த பிஸ்கட் உடைந்து அவர் விரலில் ஒட்டியது. நக்கிக்கொண்டார். 

விழாவில் கட்டுப்போட்ட கையோடு சுகுணாவை மேடையேற்றி, பழக்கூடை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார் முதலாளி. அந்தக் கையைக் கேமராவுக்குத் தெரியும்படி அவரே தூக்கிப் பிடித்தார். காவேரி பறையை எடுத்தாள். கண்ணு வரியிலிருந்தே தொடங்கினாள். மைக்கை அணைத்தார்கள். அடுத்த வரியைப் பெண்கள் எல்லாரும் எடுத்துக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை கேட்டிலேயே அவளை நிறுத்தி சஸ்பெண்ட் கடிதம் நீட்டினார் சிவராஜ்.

“நீங்கல்லாம் உள்ள போங்க,” என்றார் மற்றவர்களிடம்.

ஒருவரும் அசையவில்லை. கூட வேலைபார்க்கும் தெலுங்குக்கார நாராயணம்மா செருப்பைக் கழற்றிப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள்.

“கூச்சோ காவேரி, உக்காரு. வயரு மாட்டாத மிஷினுக்கு இனிமே நாங்க யாரும் கை குடுக்கறதில்ல.”

“சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?” என்றார் சிவராஜ்.

“இத்தன நாளு நீங்களா ஊட்டுனீங்க?”

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து சுகுணா இறங்கி வந்தாள். அவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.