நானூற்றைம்பதில் நின்ற முள்

தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ராசம்மாள் சட்டென்று எழுந்து வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். புருசன் செத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. திரும்பட்டுமே!

பின்னால் இரும்பு ட்ரம் புகைந்துகொண்டிருந்தது. காலையில் அதில் ஆட்டுப்புழுக்கையை நிரப்பித் தீமூட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்த காளிச்சாமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

கூலி வேலை செய்தே வெள்ளகோவில் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கிய மனுசன். வாங்கியதோ சரளைக்காடு, விட்ட தண்ணீர் நிற்காது. புழுக்கையைக் கரியாக்கிப் போட்டால் ஈரம் தங்கும் என்று விவசாயப் பயிற்சியில் சொன்னார்களாம். சூடு நானூற்றைம்பது டிகிரியிலேயே இருக்க வேண்டும். ஐந்து தடவை சுட்டார், ஐந்தும் சாம்பல். பொறுமை இருந்தால்தானே! ஆறுவதற்குள் மூடியைத் திறப்பார், காற்றுப் புகுந்து குப்பென்று பிடித்துக்கொள்ளும். "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதாக்கும்?" என்று இவள் திட்டாத நாளில்லை.

இப்போது ட்ரம்மில் செருகியிருந்த சூட்டு மீட்டரின் முள் ஐந்நூறை நெருங்கிக்கொண்டிருந்தது. ராசம்மாள் குனிந்து, அடியிலிருந்த காற்று ஓட்டைகளை மண்ணால் அடைத்தாள். அடைக்க அடைக்க மண் உதிர்ந்தது.

நாத்தனார் சின்னாத்தாள் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள்.

"பொணம் கெடக்கற ஊட்டுல தீ எரியலாமா அம்மணி? அடுப்பே பத்த வெக்கமாட்டாங்க. தள்ளு, ஊத்தி அணைச்சுப்போடறேன்."

"ஐயோ, வேண்டாங்க அண்ணி! இது உங்க தம்பி வெச்ச தீயிங்க. இந்த ஒருக்காவாச்சும் அவரு நெனச்சாப்புல வரட்டுமுங்க."

சின்னாத்தாள் தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். பிறகு குடத்தை மண் குவியலில் கவிழ்த்தாள்.

"காஞ்ச மண்ணு ஒட்டுமாக்கும்? நவுரு."

இருவரும் அழுதுகொண்டே சேறு குழைத்து அப்பினார்கள். முள் நின்றது. மெல்ல இறங்கி நானூற்றைம்பதுக்கு வந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றது. புகை அடங்கியதும் மிச்ச ஓட்டைகளையும் அடைத்துவிட்டு, அதே சேற்றுக் கையோடு பந்தலுக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் அவரை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள், கொடுமுடிக் காவிரியில் அவருடைய சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த ராசம்மாள், ஈரச்சேலையோடு ட்ரம்மைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மூடியைத் தூக்கினாள். கன்னங்கரேலென்று, ஒவ்வொரு புழுக்கையும் உருக்குலையாமல் இருந்தது.

ஒரு கை அள்ளினாள்.

"சாம்பலாகலீங்க," என்றாள்.

முருங்கை நடுவதற்கென்று காட்டில் அவர் வெட்டிவைத்திருந்த முதல் குழியருகே, சின்னாத்தாள் குடத்தோடு காத்திருந்தாள்.