ஒட்டும் என்று சொன்னவன்

ராய்ஸ் ஹான்ராஹனின் வாழ்க்கையில் இரண்டு நோலீன்கள் இருந்தார்கள். ஒருத்தி அவன் வீட்டுக் கொல்லையில், கம்பிக் கூண்டுக்குள், தைலமரக் கிளையைக் கட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கினாள். இன்னொருத்தி அவனோடு பேசுவதை நிறுத்திக் கொஞ்ச நாளாகிறது.

அந்தக் கடற்கரைப் பக்கத்தில், அடிபட்டோ நோய்ப்பட்டோ கிடைக்கும் கோலாவுக்குப் பெயர் வைக்க ஒரு வழக்கம் உண்டு. கிடைத்த இடம் முதலில், கண்டெடுத்த ஆளின் பெயர் பின்னால். புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கிளப்பின் கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பெண் கோலாவைப் பார்த்துவிட்டு ராய்ஸுக்கு போன் செய்தது, முடிவெட்டும் கடை வைத்திருக்கும் நோலீன். ஆகவே அது கிளப் நோலீன். கண் இரண்டும் சீழ் கட்டி மூடியிருந்தன. பின்பக்கத்து ரோமம் நனைந்து பழுப்பேறிக் கிடந்தது. கூடலில் ஒட்டும் கிளமிடியா நோய் என்று சொல்ல டாக்டர் வேண்டியதில்லை, வாடையே சொல்லிவிட்டது. மிருக ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து முடித்ததும், இலை தின்னவைத்துத் தேற்றும் வேலையை வழக்கம்போல ராய்ஸிடம் விட்டார்கள்.

காலையில் எழுந்ததும் அவன் மரத்தில் ஏணி சாய்த்து இளம் கிளை வெட்டுவான். நேற்றுத் தின்ற இலையை இன்று முகர்ந்துகூடப் பார்க்காத பிறவி அது. "நோலீன், இதையாவது தின்னேன்" என்று கெஞ்சுவான். மனைவி போனபின் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்ட ஒரே பெயர் அதுதான்.

மற்ற நோலீனை அவன் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கிளப்பில் பார்ப்பான். ஒரே தட்டில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டு, இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் குலுக்கலில் தங்கள் சீட்டு விழவில்லை என்று சேர்ந்து சலித்துக்கொள்வார்கள். இதற்கு ஒரு பெயர் சொல்ல இருவருக்குமே கூச்சம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு என்ன பெயர் வேண்டிக்கிடக்கிறது? ஆனால் மற்ற ஆறு நாட்களை அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான் ராய்ஸ் தள்ளிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவனுடைய இடது கண் சிவந்தது.

கிளப்பில் முதலில் பார்த்தவன் பாரி. வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம், அப்படிப்பட்ட ஆள். "டேய் ராய்ஸ், அந்த நோய் எப்படி வரும்னு ஊருக்கே தெரியும். கோலாக் கரடியோட எத்தனை நாளாடா பழக்கம்?" என்று எல்லோரும் கேட்கும்படி விசாரித்தான். மேசைக்கு மேசை சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்தான். நோலீன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தனக்கு வேறு தட்டு வாங்கிவந்தாள். அடுத்த வாரம் வேறு மேசைக்கே போய்விட்டாள். நாள் முழுக்க ஊர்த் தலையைத் தொட்டுப் பிழைப்பவள், தனக்கு ஒன்று வந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று யார்மூலமோ சொல்லியனுப்பினாள்.

அவளைக் குறை சொல்ல வாயில்லை. அந்தப் பயத்தை ஊருக்குள் விதைத்ததே ராய்ஸ்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால், விடுமுறைக்கு வந்த கூட்டம் ஒன்று சாலையோரத்தில் ஒரு கோலாக் குட்டியைத் தூக்கி, பெட்ரோல் பங்கில் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் போட்டோ எடுத்தது. யாரோ பாட்டில் தண்ணீரை அதன் வாயில் வேறு ஊற்றியிருக்கிறார்கள். ராய்ஸ் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெண்ணின் மடியில் அது செத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்து அவள் இன்னும் தடவிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது ராய்ஸ் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்: கோலாவைத் தொட்டால் அந்த நோய் மனுஷனுக்கும் ஒட்டும், கண் போகும், பிள்ளை பிறக்காது. நோலீனிடம் சொல்வதும் ஊர் நடுவில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். அதற்கப்புறம் ஒருத்தரும் கோலாமேல் கை வைக்கவில்லை. கூப்பிடத்தான் செய்தார்கள், தொடவில்லை. தன் சாமர்த்தியத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கண்ணைப் பார்த்த லேடி டாக்டர் இலைத்துணுக்கு கீறியிருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதினாள். ஊர்ப் பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"இங்க கோலாவுக்கு வர்றது வேற வகை. மனுஷங்களுக்கு வர்ற கிளமிடியா வேற. கோலாகிட்டேர்ந்து அது ஆளுக்கு ஒட்டினதா இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. கையுறை போட்டுக்குங்க, கைய நல்லா கழுவுங்க, அவ்வளவுதான். இதெல்லாம் யாரு கெளப்பி விடறாங்களோ."

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். கார் வரைக்கும் வந்தவனுக்குக் கதவைத் திறக்கத் தோன்றவில்லை. டாக்டர் அவன் இமையை விரல்களால் விரித்துப் பார்த்தாளே, அந்தத் தொடுகை இன்னும் முகத்தில் இருந்தது. ஒரு மனுஷக் கை தன்மேல் பட்டு எவ்வளவு நாளாகிறது என்று யோசித்தான். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அங்கேயே நின்று கொஞ்சம் அழுதான். நோலீனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தான்.

கோலா தேறியது. எடுத்த இடத்திலேயே கொண்டுவிட வேண்டும், கூடையின் கதவைக் கண்டெடுத்தவரே திறக்க வேண்டும் என்பது முறை. நோலீனுக்கு போன் செய்தான். முறையாயிற்றே என்று அவளால் மறுக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை ராய்ஸ் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளப்புக்குப் பின்னாலிருந்த மரத்தடிக்குப் போனான்.

பள்ளி விடுமுறை. கேரவானில் வந்திருந்த ஒரு குடும்பம் கூடையைப் பார்த்ததும் கிட்ட வந்து நின்றது. தகப்பன் கையில் போன், இடுப்பில் சின்னப் பெண். நோலீன் தன் கையுறையோடு வந்து, கதவைத் திறந்துவிட்டு, எட்டிப் போய் நின்றாள். கோலா வெளியே வந்து மரத்தின் தூரில் உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று யோசிப்பதுபோல நாலாபக்கமும் பார்த்தது. கண் இரண்டும் தெளிவாக இருந்தன.

"நல்லா தேத்திட்ட" என்றாள் நோலீன். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன் கண்ணு எலை கீறினதுதான்னு கேள்விப்பட்டேன். சரி, இன்னிக்கு எலை. நாளைக்கு? அது ஆளுக்கு ஒட்டுமா ஒட்டாதா, அத மட்டும் சொல்லு ராய்ஸ். நீ ஒட்டாதுன்னு சொன்னா நான் நம்பறேன். வெள்ளிக்கிழமை நமக்குச் சேத்தே வாங்கி வெக்கறேன்."

குரலைத் தாழ்த்த அவளுக்கு எப்போதுமே வராது. தகப்பன் சட்டென்று திரும்பினான். "ஒட்டாதா? அப்போ பாப்பா மடியில ஒரே ஒரு நிமிஷம் வெச்சு எடுத்துக்கலாமா?" கேட்டுக்கொண்டே குனிந்துவிட்டான். சின்னப் பெண் கோலாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.

ராய்ஸ் நோலீனைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்தது ஆசைதான், வேறில்லை. அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் ஊரே தெரிந்துகொள்ளும், அடுத்த விடுமுறைக்குள் கடற்கரை முழுக்கத் தெரிந்துகொள்ளும்.

"ஒட்டும்" என்றான். "குழந்தைய தூரக் கூட்டிட்டுப் போங்க."

தகப்பன் பெண்ணை வாரியெடுத்துக்கொண்டு பின்வாங்கினான். கோலா நகத்தை ஊன்றி மரமேறத் தொடங்கியது. அது இலைகளுக்குள் மறையும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ இந்த வேலைய விட்டுடேன், ராய்ஸ்" என்றாள் நோலீன். அவள் கெஞ்சுவதை அவன் அதற்குமுன் கேட்டதில்லை.

"நாளைக்கு இன்னொண்ணு வருது" என்றான். "அதுக்கும் கண்ணுதான்."

அவள் தலையாட்டினாள். அவன் தோளில் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டு, தன் காரைப் பார்த்து நடந்தாள்.