உடையாத கப்ளர்

ஆயுளுக்கு விலை முப்பத்தைந்து ரூபாய். பக்தவத்சலம் தன் மிக்சி ரிப்பேர் கடை வாசலில் அப்படித்தான் எழுதி மாட்டியிருந்தார்: 'பித்தளைக் கப்ளர், ஆயுள் கேரண்டி, ரூ.35'. யாருடைய ஆயுள் என்று செங்கல்பட்டில் ஒருவரும் கேட்டதில்லை. முப்பதுக்குத் தருவாயா என்று கேட்டதோடு சரி.

கடையின் பின்பக்கம் லேத். ஏசுபாதம் காலையிலிருந்து நின்றபடியே பித்தளைக் கம்பியைக் கடைந்துகொண்டிருந்தார். மிக்சி ஜாரையும் மோட்டாரையும் கவ்விப் பிடிக்கிற துண்டுதான் கப்ளர். கம்பெனி பிளாஸ்டிக்கில் போட்டது சீக்கிரமே பல் உடைந்துவிடும். இவர் அதையே பித்தளையில் கடைந்து, பல்லை அரத்தால் ராவித் தருவார். ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கூலி. இன்று சனிக்கிழமை, கூலி நாள். விடிந்தால் மதுராந்தகம் போய், ஏழு மாதக் கர்ப்பமாயிருக்கும் மகளுக்கு வளையல் போட்டு அழைத்துவர வேண்டும். கையில் காசில்லாமல் ஏற்கெனவே ஒருமுறை தேதியை மாற்றியாயிற்று. இன்னொரு முறை சொன்னால் சம்பந்தியம்மாள் அனுப்பமாட்டாள்.

திருவிடந்தையில் மெஸ் நடத்தும் ஜெகதாம்பாள் ஒயர் கூடையோடு வந்து, மிக்சியைக் கல்லாமேசையில் வைத்தாள்.

"இன்னாம்மா, கப்ளர் பூட்ச்சா?" என்றார் பக்தவத்சலம்.

"அது கல்லு மாதிரி கீது அண்ணாத்த. மோட்டார்தான் பூட்ச்சு. வெரலி மஞ்சள் பிளேடுல சிக்கிக்கிச்சு. முன்னெல்லாம் பிளாஸ்டிக்கு ஒடையும், எட்டு ரூபாயோட போவும். இது ஒடையவே இல்ல, உள்ள பொகஞ்சி நாறிப்போச்சு."

"ஒரே நேரத்துல ரொம்பப் போட்டிருப்ப."

"ஆயுள் கேரண்டின்னு எழுதி வெச்சிகினு இன்னா பேச்சு இது? காலீல நாப்பது பேருக்குச் சட்னி நான் பல்லால அரைக்கறதா?"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்தவத்சலம் குரலைத் தணித்தார். "ஏசு, இங்க வா."

ஏசுபாதம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பல்லிலும் கீறல் இல்லை. வேறொரு நாளாயிருந்தால் எல்லோருக்கும் காட்டியிருப்பார்.

"கெட்டியா போடச் சொன்னது நீங்கதான மொதலாளி."

"கெட்டியா போடுன்னேன். மோட்டார கொளுத்துன்னா சொன்னேன்?"

நின்றவர்கள் சிரித்தார்கள். பக்தவத்சலம் ஜெகதாம்பாளைப் பார்த்துக் கையை விரித்தார். "நீ போம்மா. ராவோட ராவா மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டி, விடியறதுக்குள்ள உன் வூட்டுக்கே அனுப்பறேன். ஒத்த ரூபா வாணாம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற கடை என்று அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பித்தளைக் கப்ளர் வாங்கினார்கள். பேரமே பேசவில்லை.

எல்லோரும் போனபின் பக்தவத்சலம் கணக்குப் பார்த்தார். "நூத்தி இருவது பீஸு, அறுநூறு. மோட்டார் கட்ட நானூத்தி அம்பது. போன வாரம் வாங்கினது இருநூறு. நீதான் எனக்கு அம்பது தரணும். பரவால்ல, மெதுவா குடு."

ஏசுபாதம் நகரவில்லை. "காலீல பொண்ண இட்டாரப் போவணும் மொதலாளி. வளையலாவது வாங்கணும்."

பக்தவத்சலம் கல்லாவைத் திறந்து, ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

"நல்ல காரியம். இதுக்குக் கூட இல்லன்னா நான் மனுசனா?" என்றவர், காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "அம்பதும் நூறும், நூத்தம்பது."