தானியம் சேராத வர்க்கி

இரண்டாயிரமாவது வருடம் பங்குனியில் ஐந்தடி ஆறங்குலம் இருந்த லிங்கசாமி, அடுத்த தை பிறந்தபோது ஒரு சாண் இருந்தார். கீழ் கோத்தகிரியில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பச்சைத் தேயிலை கேட்பாரின்றிச் சாலையோரம் கொட்டிக் கிடந்த காலம் அது. எல்லாருக்கும் எல்லாமே குறைந்துகொண்டிருந்தது, அவருக்கு உயரம் குறைந்தது, அவ்வளவுதான். அவர் இலை லாரி டிரைவர். பிரேக்குக்குக் கால் எட்டாமல் போன அதே வாரத்தில் ஃபேக்டரியையும் மூடிவிட்டார்கள். வேலை போனது எதனால் என்று இன்றுவரை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் கவனித்தவள் மனைவி மருதாம்பாள்தான். ஒரு தட்டுச் சோறு தின்றுவிட்டு அவர் எழுந்தால் வேட்டி ஒரு விரற்கடை தரையில் புரண்டது. குன்னூர் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், டார்ச் அடித்துப் பார்த்தார், உடம்புக்குத் தானியம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அரிசி, கோதுமை, ராகி, ரவை, சேமியா என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே கோடாகப் போட்டார். போன உயரம் திரும்புமா என்று மருதாம்பாள் கேட்டாள். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளம்மா என்றார் டாக்டர். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. காப்பாற்ற அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

லிங்கசாமி சோற்றை விட்டார், தோசையை விட்டார். வர்க்கியை மட்டும் விட முடியவில்லை. மைதாவை மடித்து மடித்து மொறுமொறுவென்று சுட்ட வர்க்கி இரண்டை நாலு மணிக்கு டீயில் முக்கித் தின்பது முப்பது வருடப் பழக்கம். இப்போது நாலு மணியானால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகைப் பார்க்கச் சகிக்காமல்தான் மருதாம்பாள் மைதா இல்லாமல் வர்க்கி சுடத் துணிந்தாள்.

பக்கத்து லைன் வீட்டு பிலோமி, கிறிஸ்துமஸ் கேக் சுடுகிறவள், வழி காட்டினாள்: பெரிய போசியில் மணலைக் கொட்டிச் சூடேற்றி, நடுவே தட்டை வைத்து மூடிவிட வேண்டும். உருளைக்கிழங்கில் சுட்ட முதல் ஈடு நின்றுபோன லாரியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க உதவியது. ஆரோரூட் மாவும் வறுத்த நிலக்கடலைப் பொடியும் வெண்ணெயும் சேர்த்த ஒன்பதாவது ஈடு மடிப்பு மடிப்பாகப் பிரிந்து வந்தது. கடலை வாயு என்று ஒரு சிட்டிகை பெருங்காயமும் போட்டிருந்தாள். லிங்கசாமி அதை டீயில் முக்கித் தின்றுவிட்டு, டம்ளரின் அடியில் கிடந்த துணுக்கையும் விரலால் வழித்துத் தின்றார். பிறகு, "இன்னொன்னு குடு புள்ள" என்றார்.

அதன்பின் விரற்கடை நின்றது. ஆனால் ஆசாரிக் கணக்கில் நாளுக்கு ஒரு நூல், அரைக்கால் அங்குலம், குறைந்துகொண்டே இருந்தது. தினமும் காலையில் அவரைக் கதவு நிலையோரம் நிறுத்திக் கோடு போட்டாள். கோடு ஒருநாளும் தங்கவில்லை. எங்கிருந்து தானியம் வருகிறது? ரேஷன் அரிசியை பிலோமிக்குக் கொடுத்தாள். தானும் சோற்றை விட்டாள். சல்லடையை எறிந்தாள், சுவரைக் கழுவினாள், கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். தன் மூச்சில் மாவு இருக்கிறதோ என்று வாயில் துணி கட்டிக்கொண்டு சுட்டாள். சாமி கும்பிடுவதைக்கூட நிறுத்திப் பார்த்தாள். நூல் நூலாகத்தான் போனது.

ஒரு முழத்துக்கு வந்தபிறகு, குளிருக்கு இதமாக அவரை அடுப்படிச் சுவர் அலமாரித் தட்டில், மளிகை டப்பாக்களுக்கு நடுவே உட்கார வைத்தாள்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் சின்னதானா அண்ணன எங்க குடில்ல மேய்ப்பனா நிக்க வெச்சரலாங்க" என்றாள் பிலோமி. மருதாம்பாள் சிரித்துவிட்டு, விறகெடுக்கப் போகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவர் நிற்கவும் செய்தார். ஆடுகள்தான் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன.

தைப்பொங்கல் கழிந்த மறுநாள், தட்டில் இருந்த பெருங்காய டப்பா தினமும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது, எலியாக இருக்கும் என்று மருதாம்பாள் பிலோமியிடம் சொன்னாள்.

"எலி டப்பாவத் திருப்பி வெச்சுட்டா போகும்?" என்று பிலோமி அதை எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வெள்ளெழுத்து விழுந்த மருதாம்பாளின் கண்ணுக்குப் புள்ளிகளாக மட்டுமே தெரிந்திருந்த வரியைப் படித்தாள். "சேர்மானம்: கோதுமை மாவு…" அதற்குமேல் படிக்காமல் டப்பாவை வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

மருதாம்பாள் தட்டைப் பார்த்தாள். "ஏனுங்க, இதப் படிச்சீங்களா?"

"ம்."

"எப்பங்க?"

"ஐப்பசியிலயே. எழுத்து கண்ணுக்கு நேரா வந்துச்சு. படிச்சேன்."

"சொல்றதுக்கென்னங்க?"

லிங்கசாமி தன் காலைப் பார்த்தார். "உன்ற கைதான்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டே புள்ள. அடுப்பே பத்த வெக்க மாட்டே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுமில்லாம, பெருங்காயம் போடாத வர்க்கி ஒரு வர்க்கியா?" என்றார்.

அவள் கதவு நிலையோரம் போய் உட்கார்ந்து, ஐப்பசிக் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை கையால் அளந்தாள். ஒன்றேகால் சாண் வந்தது. மிச்சமிருந்த ஆளைவிட அது அதிகம். பொழுது சாயும்வரை கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் பெருங்காயம் போடாமல் சுட்டாள். "என்னமோ கொறையுதே" என்றார் அவர். "கொறையட்டும்" என்றாள் அவள். அதன்பின் நிலையில் புதுக்கோடு விழவில்லை. சில வருடங்கள் கழித்து இலைக்கு விலை கொஞ்சம் ஏறியது, ஃபேக்டரி திறந்தது, லாரிக்கு வேறு டிரைவர் வந்தார். லிங்கசாமி ஒரு நூல்கூட வளரவில்லை. டப்பாவைத் தூக்கி எறிய மருதாம்பாள் மூன்று தடவை ஓடை வரைக்கும் போய், மூன்று தடவையும் திரும்பக் கொண்டுவந்தாள். கடைசியில் கழுவிக் காயவைத்து, தட்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டாள், கோதுமை என்று எழுதிய பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி. நாலு மணிக்கு அதன்மேல் உட்கார்ந்துதான் லிங்கசாமி மூடியில் ஊற்றிய டீயில் வர்க்கித் துணுக்கை முக்கித் தின்கிறார். முக்காலிக்கு அது சரியான உயரம்.