தீவிலேயே சுத்தமான குடல்

பினாங்குத் தீவிலேயே மிகச் சுத்தமான குடல் என் மாமா அம்பிகைபாகனுடையது. அவரே அறிவித்தார்.

மலத்தில் ரத்தம் வந்ததால், டாக்டர் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்க வரச்சொன்னார். முந்தின நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும்; கூடவே ஒரு ஜாடி உப்புக் கரிக்கும் பேதி மருந்து.

“அதெல்லாம் பயந்தாங்கொள்ளிக்குலா!” என்று மாமா ‘நாசி கண்டார்’ கறிச்சோறு சாப்பிடப் போனார், வெண்டிக்காயோடு.

மறுநாள் குழாய் போன வேகத்தில் திரும்பியது.

“கட்டி இருக்கா டாக்டர்?” யோகம்மா மாமி பதறினார்.

“வெண்டிக்கா விதைதான் இருக்கும்மா. கட்டி இருந்தாலும் அதுக்குப் பின்னால தெரியாது. சுத்தம் பண்ணிட்டு மறுபடி வாங்க.”

அடுத்த வாரம் கழிவறை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்த மாமா, மூக்கைப் பிடித்தபடி ஜாடியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இந்த முறை அவரிடமிருந்து அறிவிப்பு எதுவும் வரவில்லை.