ஆறு டியூப்பில் வெற்றிலை

இராஜகுமாரியின் பல் சிவந்திருந்தது என்னவோ உண்மைதான். பதினேழு வயதில் தேயிலைக் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிய நாளிலிருந்து வெற்றிலை போட்டவள். இருபத்தாறு வருஷத்துச் சிவப்பு லேசில் போகுமா? ஆனால் அவள் வெற்றிலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. விட்டது எவருக்கும் ஞாபகமில்லை. பல் மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

விட்டதே இந்த ஆராய்ச்சி வேலைக்காகத்தான். எல்கடுவை ஊருக்கு மேலே, அவள் கொழுந்தெடுக்கும் தோட்டத்தின் கடைசி மலைக்கும் காட்டுக்கும் நடுவே ஓர் ஓடை இறங்குகிறது. அதன் கரை மரங்களில் காட்டு மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது. யாரும் நட்டதில்லை, அந்த மண்ணுக்கே உரியது. அந்தக் கொடியையும், அதன் பூவுக்கு வந்து போகும் பொடி ஈ, தேனீக்களையும், இலையிலும் வேரிலும் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளையும் ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. திரி மாதிரித் தொங்கும் பூந்திரியைப் பஞ்சுக் குச்சியால் தடவி, குச்சியைச் சின்ன டியூப்பில் போட்டு மூடிக் கொடுத்துவிட வேண்டும். பஞ்சில் ஒட்டியிருக்கும் மரபணுவை மெஷின் எழுத்தெழுத்தாக வாசித்து, அந்தப் பூவுக்கு யார் யார் வந்து போனார்கள் என்று சொல்லிவிடும்.

அந்த ஓடையில் ஏறி இறங்கப் பழகிய ஆள் வேண்டும் என்று தேடினார்கள். இராஜகுமாரி கிடைத்தாள். வேலை பழக்கியது சிவநந்தினி. மாத்தளை டவுன் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பும் படிக்கும் ஆராய்ச்சி உதவியாளர், வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவாள்.

"அக்கா, நீங்க பேசுறப்போ தெறிக்கிற எச்சிலைக்கூட மெஷின் கண்டுபிடிச்சிரும். வெத்தலையும் மிளகுக் குடும்பந்தான். வாயில வெத்தலையோட பூக்கிட்டப் போனா எல்லாம் குழம்பிரும்."

அன்று சாயந்தரமே வெற்றிலைச் சுருக்குப் பையை அடுப்பில் போட்டாள் இராஜகுமாரி. முதல் மாதம் நரகம். தலை வெடித்தது, கை நடுங்கியது, லயத்து வீடுகளில் யார் எது கேட்டாலும் வள்ளென்று விழுந்தாள். புருஷன் லெட்சுமணன் இரண்டு வாரம் அவள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் விட்டது விட்டதுதான். கிராம்பு கூட வாயில் போடவில்லை, அதுவும் பூவில் தெறித்துவிட்டால் என்ன செய்வது என்று.

இரண்டு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு டியூப். ஒவ்வொன்றும் எந்த மரம், எந்தத் தேதி, மழையா வெயிலா என்று அவள் கைப்பட எழுதியது. அட்டை கடித்துக் காலெல்லாம் புண். ஞாயிறு வந்தால் மற்றவர்கள் துணி துவைப்பார்கள், இவள் ஓடைக்கு ஏறுவாள். பைத்தியமா என்று கேட்டார்கள். கேட்கட்டுமே. அந்தக் கொடிக்குள் ஒரு புது ஈயைக் கண்டிருக்கிறோம், பூவில் வேறெங்கேயும் இல்லாத கிருமி ஒன்று இருக்கிறது என்று சிவநந்தினி வந்து சொன்ன நாட்களில், அவளுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது. சிவநந்தினியின் குரலே சரியில்லை.

"அக்கா, நாளைக்கு உக்குவளை ஆபீசுக்கு வரணும். ஆறு டியூப்புல வெத்தலை இருக்காம். புரொபெசர் ஒரு கடிதம் அடிச்சு வச்சிருக்கார். நீங்க கையெழுத்துப் போடணுமாம். வேலையை விட்டு நிப்பாட்ட மாட்டாங்களாம்."

"என்ன கடிதம்?"

"சேகரிச்சவங்க வெத்தலை போடுற பழக்கம் உள்ளவங்க, கவனக்குறைவா இருந்திட்டாங்கன்னு. அதுல நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா..." அவள் நிறுத்தினாள். "ஆறோட போகாது அக்கா. சேகரிச்ச ஆளை நம்ப முடியாதுன்னு ஆயிரும். இருநூத்திப் பன்னிரண்டையும் தூக்கிருவாங்க."

இராஜகுமாரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நிதானமாகக் கேட்டாள்.

"எந்த ஆறு, புள்ள?"

"நூத்தி எழுபத்தொண்ணுல இருந்து எழுபத்தாறு வரைக்கும்."

தேதி எழுதிவைத்த கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. ஆராய்ச்சியின் தலைவர் பேராசிரியர் திவாகரன் ஓடையைப் பார்க்க வந்த நாள் அது. கண்டியிலிருந்து காரில் வந்தார், கூடவே படம் பிடிக்க ஓர் ஆளும் வந்தான். பெரிய மனிதர் யார் வந்தாலும் கையில் வெற்றிலை கொடுத்து வரவேற்பதுதானே இந்தப் பக்கத்து வழக்கம்? இராஜகுமாரிதான் முதல் நாளே உக்குவளைக்குப் போய்ப் பச்சைப் பசேலென்ற வெற்றிலையாகப் பார்த்து வாங்கிவந்தாள். லயத்துப் பெண்கள் ஒன்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கோர் அடுக்குக் கொடுத்தார்கள். முதல் அடுக்கு இவளுடையது. அவரும் சிரித்த முகத்தோடு இரண்டு கையாலும் வாங்கினார், மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஓடை வரைக்கும் நடந்தார். அங்கே போய் வெற்றிலையைப் படக்காரனிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலை பிடித்த அதே வெறுங்கையால் மிளகுப் பூந்திரியைப் பிடித்து இழுத்து முகத்தருகே வைத்து நின்றார். ஒரு படம் சரியில்லை என்று இன்னொன்று, அதுவும் சரியில்லை என்று இன்னொன்று. இப்படி ஆறு திரி. பிறகு, "இப்ப எடுங்க பார்ப்போம்" என்றார். இவள் கையுறையைப் போட்டுக்கொண்டு, அதே ஆறு திரியையும் பஞ்சால் தடவினாள்.

அப்போதே அவளுக்கு உறுத்தியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சேர், கையுறை போடுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவ்வளவு பெரிய மனிதரிடம், அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டாள். இரண்டு வருஷம் தன் வாயைக் கட்டியவள், வெற்றிலையைக் கடைக்குப் போய் வாங்கி, தானே அவர் கையில் கொடுத்தாள். சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் அவள் செய்த தப்பு அது. கடிதத்தில் இருப்பது அவள் செய்யாதது.

சாயந்தரம் லெட்சுமணன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"போட்டுக் குடுத்திரு புள்ள. வேலையை விட்டு நிப்பாட்ட மாட்டோம்னு சொல்றாங்கல்ல. இந்தப் பல்லை வச்சிக்கிட்டு நீ போய் நான் போடலன்னா, எவன் நம்புவான்?"

"நீ நம்புறியா?"

"நான் நம்பாம? அந்த மாசம் நீ பண்ணின கூத்தை நானில்ல பட்டேன்."

"அது போதும் எனக்கு" என்றாள் இராஜகுமாரி. "மத்தவங்களை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை பஸ் பிடித்து உக்குவளையில் இறங்கினாள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில்தான் ஆபீஸ். உள்ளே நீள மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், இந்தப் பக்கம் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை. சிவநந்தினி குளிர்ப்பெட்டி ஓரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வாங்க, வாங்க" என்றார் பேராசிரியர். நல்ல குரல், மரியாதையான குரல். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல. ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கிற வெளிநாட்டுக்காரங்க காரணம் கேக்குறாங்க, ஒரு காரணம் எழுதியாகணும். தோட்டத்துப் பக்கம் வெத்தலை போடுறது சகஜந்தானே, யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க. வேற இடத்துல திரும்பத் தொடங்குவோம். உங்களுக்கும் அங்க வேலை இருக்கு."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் தன் பெயரை மட்டும் அவளால் அடையாளம் காண முடிந்தது.

"தமிழ்ல வாசிச்சுச் சொல்லு" என்றாள் சிவநந்தினியிடம்.

சிவநந்தினி வாசித்தாள். 'கவனக்குறைவு' என்ற இடம் வந்ததும் குரல் தேய்ந்தது.

இராஜகுமாரி பேனாவைத் தொடவில்லை. "நான் வெத்தலை போடுறதில்ல, சேர். ரெண்டு வருஷமாச்சு."

பேராசிரியர் அவள் வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை நகர்த்திக்கொண்டார், நாகரிகமாம்.

"பழக்கம்னா அப்படித்தான். எப்பவாவது ஒரு தடவை, மறந்து..."

"மறந்து போட்டா அன்னைக்கு ஒரு நாள் மட்டுமா போடுவேன்? முன்னுக்கு நூத்தி எழுபது, பின்னுக்கு முப்பத்தாறு. அதுலயெல்லாம் வெத்தலை இருக்கா?"

"இல்ல அக்கா" என்றாள் சிவநந்தினி, யாரும் கேட்காமலே.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது அறிவியல். அனுமானத்தை வச்சு வாதாட முடியாது."

"சரி, அறிவியலாவே பாப்போம்." இராஜகுமாரி கதிரையை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டாள். "நந்தினி, பூவுல தொட்ட மனுஷனோடதும் அந்த டியூப்புக்குள்ள இருக்குமா?"

"இருக்கும் அக்கா. தோல், வேர்வை எல்லாம் ஒட்டும். ஆனா மனுஷரோடதை நாங்க வாசிக்கிறதில்ல. சம்மதம் இல்லாம வாசிக்கக்கூடாது, ஒதுக்கி வச்சிருவோம்."

"என் சம்மதத்தை நான் தாறேன்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து அவளே ஒரு குச்சியை எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செய்த வேலை, யார் பழக்கிக் கொடுக்க வேண்டும்? உறையைக் கிழித்து, பஞ்சைத் தன் கன்னத்தின் உட்புறம் நன்றாக உரசி, டியூப்பில் போட்டு மூடி, மேலே பெயரும் தேதியும் எழுதி மேசையில் வைத்தாள். பிறகு இன்னொரு குச்சியை உறையோடு எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது உங்களுக்கு, சேர். ரெண்டையும் அந்த ஆறோட சேத்து அனுப்புங்க. பூவுல யார் கை பட்டதுன்னு மெஷின் சொல்லட்டும். நான் பொய் சொன்னேன்னு வந்தா, நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடுறேன்."

பேராசிரியர் குச்சியைப் பார்த்தார். அதை எடுக்கவில்லை. வெளியே ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் தேய்ந்த பிறகும் அவர் எடுக்கவில்லை.

"அந்தப் படங்கள் எல்லாம் உங்க பேஸ்புக்லயே இருக்கு, சேர்" என்றாள் சிவநந்தினி. குளிர்ப்பெட்டியை விட்டு ஓர் அடி முன்னால் வந்திருந்தாள். "படக்காரர் கையில வெத்தலை இருக்கிறதுகூடத் தெரியுது."

"நந்தினி, உங்க படிப்பு என் கையில இருக்கு. அதை மறந்திட வேண்டாம்."

"தெரியும், சேர். அதோட சேத்துத்தான் சொல்றேன்."

இராஜகுமாரிக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடிக்கிற நேரமா இது?

பேராசிரியர் குரலைத் தணித்தார். இப்போதுதான் முதல்முறையாக நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். கையுறை இல்லாம நானே மாதிரியைத் தொட்டேன்னு எழுதினா, சிரிப்பாங்க. விளங்குதா உங்களுக்கு?"

"நல்லா விளங்குது. என்னைப் பாத்துச் சிரிச்சா மட்டும் பரவாயில்லன்னு நினைச்சீங்க."

அவர் பார்வையைக் கடிதத்துக்குத் திருப்பினார்.

"சேர், உங்களோடது ஆறு டியூப்போட முடிஞ்சிரும். என்னோடதுன்னா இருநூத்திப் பன்னிரண்டும் குப்பைக்குப் போகும். அந்த ஈ, அந்தக் கிருமி, அந்தக் கொடி, எல்லாம் போகும். நான் ஏறின மலையெல்லாம் பொய்யாப் போகும். ஒரு சிரிப்புக்கு இவ்வளவு விலையா? நான் குடுக்க மாட்டேன்."

"நீங்கதானே அந்த வெத்தலையைக் கொடுத்தீங்க" என்றார் அவர். கடைசிப் பிடியாக அதைப் பிடித்துக்கொண்டார் பாவம்.

"ஆமா, நான்தான் குடுத்தேன்." அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வெறுங்கையோட நீங்க பூவைத் தொடுறப்பவும் பாத்துக்கிட்டு நின்னேன். தப்புன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அது என் தப்பு, அதை எழுதுங்க. வெத்தலை போட்டேன்னு எழுதாதீங்க."

கடிதத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள். பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்களே, அந்தச் சொல்லை அடிக்க வேண்டாம். அது சரிதான். என் பேருக்கு முன்னுக்கு உங்க பேரையும் எழுதுங்க. நீங்க தொட்டீங்க, நான் பேசாம நின்னேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

பேராசிரியர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். வெற்றிலைப் பழக்கம் என்று எழுதியிருந்த வரியை ஒரே கோடாக அடித்தார். மேலே எழுதத் தொடங்கினார். கை மெதுவாகத்தான் ஓடியது.

"தமிழ்லயும் எழுதுங்க, சேர்" என்றாள் இராஜகுமாரி. "நான் வாசிச்சிட்டுத்தான் போடுவேன்."

அவர் தமிழிலும் எழுதினார். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள், அவசரப்படாமல். ஆறு டியூப் நீக்கம், மிச்சம் இருநூற்று ஆறும் செல்லும். சேகரித்தவர் பெயர் இருந்த இடத்தில் வெறும் 'உதவியாள்' என்று எழுதியிருந்தார்.

"இராஜகுமாரின்னு எழுதுங்க" என்றாள்.

எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.