ஊரில் மக்ரிபு

பிளாஸ்டிக் பையைக் காரின் பானெட்டில் கவிழ்த்தான் லுக்மான். அளவு நாடா, தொப்பி, இரண்டு ஊக்கு, துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ், பொத்தான் வைத்த பழைய போன். பிணவறைக்காரர் கொடுத்தது அவ்வளவுதான். போனில் சில எண்கள் மட்டும் சாக்பீஸ் பட்டு நீலமாக இருந்தன. வாப்பா அடிக்கடி அழுத்திய எண்கள்.

"சார்ஜ் இருக்கா பாரு," என்றார் சதக்கு மாமா. உம்மாவின் தம்பி. வளைகுடா நகரமான மனாமாவில் அவருக்கு ஒரு டீக்கடை. நோன்பு மாதத்தில் பகலில் மூடியிருக்கும். "இந்த டப்பாவத் தூக்கிப் போடுங்க மச்சான்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். மணி அடிக்க இது போதும்டான்னுருவாரு."

சார்ஜ் இருந்தது.

வாப்பா மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். கர்கவூன் பைகள் தைத்துக்கொண்டிருந்தார். நோன்பு மாதம் பாதி கடந்த இரவில் அரபுப் பிள்ளைகள் கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். மிட்டாயும் பருப்பும் வாங்குவார்கள். திரைச்சீலைக் கடையில் மிஞ்சும் துண்டுகளில் வருஷாவருஷம் முதலாளியின் தெருவுக்கே வாப்பாதான் பை தைப்பார். இன்று இரவுதான் கர்கவூன். கடைசிப் பைக்கு நாடா கோத்துவிட்டு, துணியின் மேல் தலையைச் சாய்த்திருக்கிறார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்தார்கள். நோன்பு அசதி என்று நினைத்தார்கள். விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார்கள். ரேடியோவைக்கூட அணைத்தார்கள். எழுப்பக் கூடாது என்று வெகுநேரம் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். துணி வாங்க வந்தவர் கூப்பிட்டும் எழுந்திருக்காததைப் பார்த்துத்தான் தோளைத் தொட்டிருக்கிறார்கள்.

மரத்தடியில் நின்றிருந்த மொய்து அருகே வந்தார். கோழிக்கோட்டுக்காரர். இந்த ஊரில் யார் இறந்தாலும் மய்யத்து வேலைகளுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"மோனே, இங்கயா, நாட்டுக்கா? ஒரு வாக்கு சொல்லு. இங்கன்னா பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுத ஒடனே அடக்கிரலாம். நாட்டுக்குன்னா அது வேற ஆபீஸ், வேற கையொப்பு. உள்ள இருக்குற ஆளும் நோம்பு தொறக்க வீட்டுக்குப் போகணும்."

"இங்கயே அடக்கிருவோம்," என்றார் மாமா. "கையெழுத்தப் போடு லுக்மானு."

"உம்மாகிட்ட கேக்கணும்."

மாமா அவனைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பேசினார். உம்மாவுக்குச் சர்க்கரை. போன வருஷம் நோன்பு திறக்கும் முன்னே கஞ்சிக் கோப்பையின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். இப்போது சொன்னால் ஒரு மிடறு தண்ணீர் இறங்காது. வீட்டில் ஒரு மய்யத்து போதும். கேட்டாலும் என்ன சொல்லப்போகிறார், முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார். பெட்டி ஊர் போய்ச் சேர எத்தனை நாளாகுமோ. அதுவரை மச்சானை ஐஸில் போட்டு வைக்க முடியுமா? ராத்திரி நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"எல்லாத்தையும் நாமளே முடிவு பண்ணிட்டுத்தான் மாமா உம்மாட்ட சொல்லியிருக்கோம். வாப்பா இங்க வந்தது, நான் வந்தது, வீட்ட வித்தது. எல்லாம்."



லுக்மான் போனைக் கையில் எடுத்தான். வெயில் கட்டடத்தின் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. இங்கே நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஊரில் இப்போது உம்மா பாய் விரித்திருப்பாள்.

அவனுக்கு அது நன்றாகத் தெரியும். போன் பேச ஆகும் செலவுக்கு அஞ்சி வாப்பா பேசாமலே இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். அவனும் அவன் அக்காவும் உடனே பேரீச்சம்பழத்தை வாயில் போடுவார்கள். உம்மா போடமாட்டாள். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பாள். அது ஒரு தடவை அடித்து நிற்கும். பிறகுதான் கடிப்பாள். கடலுக்கு அந்தப் பக்கம் வாப்பா இன்னும் நோன்போடு இருப்பார். பின்பு பேச்சு மலிவானபோதும் அந்த நேரத்தில் பேசிக்கொண்டதில்லை. மணி மட்டும்தான்.

"ஊர்ல பாங்கு சொல்ற வரைக்கும் உள்ள இருக்குறவர நிறுத்தி வைங்க," என்றான் மொய்துவிடம். "உம்மா நோம்பு தொறக்கட்டும். அப்புறம் கேட்டுச் சொல்றேன்."

மொய்து தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மாமா அவன் கையிலிருந்த போனைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"மவுத்தான மனுஷன் போன்லருந்தாடா?"

"அடிக்கலைன்னா வாயில வைக்கமாட்டாக."

"பொறவு தெரிய வரும்போது? அந்த மணி அடிக்கும்போது அவரு இல்லன்னு தெரியும்போது?"

 சாக்பீஸின் நீலம் லுக்மானின் உள்ளங்கையிலும் ஒட்டியிருந்தது. பானெட்டில் கிடந்ததையெல்லாம் பைக்குள் திரும்பப் போட்டான். தொப்பியை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நேரம் வந்தது. நீலமாக இருந்த எண்களை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி போனது. ஒரு முறை முழுதாக அடிக்கவிட்டுத் துண்டித்தான்.

இருவரும் காரில் சாய்ந்து நின்றார்கள். உம்மா பழத்தைக் கடித்திருப்பாள். கஞ்சி குடிக்கட்டும். தொழுதுவிட்டு எழட்டும். பிறகு கூப்பிடலாம். முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று யோசித்தான். 

அவனுடைய போன் அடித்தது. உம்மா.

"லுக்மானு?"

"ஆமாம்மா."

"நீதானா? நல்லா இருக்கியாப்பா?"

"நல்லா இருக்கேன்."

அவள் மூச்சு விட்டது கேட்டது. "அல்லா காப்பாத்துனான். ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. ஒண்ணுதான் வந்துச்சு. இன்னொண்ணு வரும் வரும்னு பாக்கேன், வரல. புள்ளைக்கு என்னாச்சோன்னு..."

"என்னதும்மா வரல?"

"மணிதான். நீ அங்க போன நாள்லருந்து ரெண்டு தடவ அடிப்பாகள்ல. ஒண்ணு அவுகளுக்கு, ஒண்ணு ஒனக்கு. இன்னிக்கி ஒண்ணோட நின்னுபோச்சு."

லுக்மான் காரின் மேல் கையை ஊன்றினான். இரும்பு சுட்டது. எடுக்கவில்லை.

வாப்பா ஒருநாளும் அவனிடம் அதைச் சொன்னதில்லை.

"நோம்பு தொறந்தியளாம்மா?"

"இல்ல. பழம் கையில இருக்கு." பிறகு ஏதோ நினைத்தவள்போல நிறுத்தினாள். பின்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகையில் ஓதுவது கேட்டது. அது ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்ததற்குப் போனது.

"லுக்மானு. வாப்பா போன் யாருகிட்ட இருக்கு?"

அவன் வாயைத் திறந்தான். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்டம்மா."

  மறுபக்கம் தம்ளர் நகரும் ஓசை கேட்டது. தண்ணீர் தொண்டையில் இறங்கும் ஓசை. அவள் நிறுத்தி நிறுத்தி முழுவதையும் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"குடிச்சிட்டேன்," என்றாள். "இனி சொல்லு."

சொன்னான். துணிமேல் தலை சாய்ந்ததைச் சொன்னான். விசிறியைத் திருப்பிவைத்ததைச் சொல்லவில்லை.

"நோம்போடயா?"

"நோம்போடதான்."

"நீ முகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

"எப்படி இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி. கன்னத்துல துணியோட தையல் பதிஞ்சிருந்துச்சு."

 பக்கத்து வீட்டுப் பெண் யாரோ உள்ளே வந்து என்னவென்று கேட்பது கேட்டது.

"நீ பாத்துட்டேல," என்றாள் உம்மா. "போதும். அங்கயே வச்சிருங்க. அவுக அங்க இருந்ததுதான் அதிகம்."

லுக்மான் வாசலில் நின்ற மொய்துவைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

மக்ரிபு தொழுகைக்குப் பின் பெயர் தெரியாத எத்தனையோ பேர் வந்து சந்தாக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முதலாளி அபூ நாசிர் வெள்ளை அங்கியில் மண் படக் கபர்க் குழியோரம் குந்தியிருந்தார். அடக்கம் முடிந்து மய்யவாடியிலிருந்து திரும்பும்போது தெருக்களில் விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் மேளம் தட்டிப் பாடிக்கொண்டு கதவு கதவாகப் போனார்கள். ஒரு சிறுமியின் கழுத்தில் பச்சைப் பூப்போட்ட பை தொங்கியது. அந்தத் துணியை லுக்மானுக்குத் தெரியும். மாமா காரை நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டார். அவர்கள் போன பிறகும் உடனே காரை எடுக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் லுக்மான் கடைக்குப் போனான். மிஷினை யாரோ துணி போட்டு மூடியிருந்தார்கள். வெளியே வந்து, வாப்பா உட்காரும் படியில் உட்கார்ந்தான். எதிர்ப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க நீளமாக விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் பாங்கு சொல்லும் நேரம்வரை காத்திருந்தான். தன்னுடைய போனை எடுத்து அடித்தான். ஒரு முறை மணி போனதும் துண்டித்தான்.

இரண்டாம் மணிக்காக விரல் திரும்பவும் எண்ணுக்குப் போனது. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போனைச் சட்டைப்பையில், தொப்பிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.